எட்டாங்கிளாஸ் படித்தவர் போட்ட உலக ரூட்



நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்களுக்குக் கிடைத்த முதல் சுதந்திரம் சைக்கிள்தான் என்று. நேரான ரோடு, இரண்டு பக்கமும் மரம். பிளாக் நம்பர் தெரிந்தால் போதும், தொலைந்து போகவே முடியாது. அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் மெயின் பஜார் வரை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரலாம். ஆர்ச் கேட்டைத் தாண்டினால்தான் வீட்டில் திட்டு விழும்.

இந்த செமஸ்டரில் நாங்கள் மூன்று பேர் அந்த ஆர்ச் கேட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தாண்டலாம் என்று முடிவு பண்ணினோம். கோர்ஸ் முடிந்து வேலையில் சேர்வதற்கு முன்னால், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து காலி வரை சைக்கிளில் போவதாகத் திட்டம். எக்செல் ஷீட் போட்டாச்சு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்குவது, எங்கே ஏற்றம், ஸ்பேர் டியூப் எத்தனை என்று காலம் காலமாகப் பிரித்தோம். ஷீட் பெரிசாகிக்கொண்டே போகிறது. சைக்கிள் மட்டும் இன்னும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது!

அந்த நேரத்தில்தான் ராம்நாத் பிஸ்வாஸ் என்ற மனிதரைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. வங்காளத்தில் அவர் பெயர் சொன்னாலே உலகம் சுற்றியவர் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். நம்ம பக்கம் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க, போதும்.

ஊரும் படிப்பும்

ராம்நாத் பிறந்தது 1894 ஜனவரி 13. ஊர் பனியாசங். அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியாவின் அஸ்ஸாம் மாகாணத்தில், சில்ஹெட் மாவட்டத்தில் இருந்தது. உலகத்திலேயே பெரிய கிராமம் எங்களுடையதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். இந்த ஊர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

படிப்பு ஊர் ஸ்கூலில், எட்டாம் வகுப்பு வரைதான். அப்பா இறந்துவிட்டார், படிப்பு நின்றது. ஹபிகஞ்ச் என்ற பக்கத்து டவுனில் ஒரு மோட்டார் கேரேஜில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான், சைக்கிள் பழகியதும் அங்கேதான். யோசிச்சுப் பாருங்க, நாம் லேபில் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்னால் மூன்று வருஷம் தியரி படிக்கிறோம். அவருக்கு கேரேஜ்தான் கிளாஸ் ரூம்.

அதே காலத்தில் அவர் அனுசீலன் சமிதியில் ரகசியமாகச் சேர்ந்திருந்தார். வெள்ளையர் ஆட்சியை ஆயுதம் எடுத்து விரட்ட வேண்டும் என்று நினைத்த வங்காளத்துப் புரட்சி இயக்கம் அது. விஷயம் வெளியே தெரிந்தது, வேலை போனது. பிறகு முதல் உலகப் போர் நேரத்தில் பெங்காலிப் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியா போனார். இன்றைய இராக்தான் அது. யாரை விரட்ட நினைத்தாரோ அவர்களுடைய படையிலேயே சிப்பாய்! வேலையில்லாத ஒரு கிராமத்துப் பையனுக்கு வெளியுலகம் பார்க்க வேறு டிக்கெட் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1924ல் அவர் மலாயா போனார். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வேலை. நிலையான சம்பளம் வரும் வேலை. நம் வீடுகளில் சொல்கிற மாதிரி, செட்டில் ஆயாச்சு.

முப்பத்தேழு வயதில் ஒரு கிறுக்கு

ஏழு வருஷம் கழித்து, 1931 ஜூலை 7ஆம் தேதி, சிங்கப்பூர் குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ராம்நாத் சைக்கிளில் கிளம்பினார். வயது 37. உலகத்தைச் சுற்றி வரப் போகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் கிளம்பினார். அங்கே சீக்கியர் கோயிலுக்கு முன்னால் சிங்கப்பூர் வாழ் இந்தியர்கள் கூடி நின்று வழியனுப்பி வைத்தார்கள்.

லக்கேஜ் என்ன தெரியுமா? ஒரு ஜோடி செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிள் ரிப்பேர் பண்ணும் சாமான்கள் உள்ள ஒரு பெட்டி. அவ்வளவுதான். சைக்கிளில் ஒரு போர்டு, உலகம் சுற்றும் இந்து யாத்திரிகர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஷீட்டில் லக்கேஜ் காலத்தில் மட்டும் 43 வரி இருக்கிறது என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இவர்தான் முதல் ஆள் என்று நினைக்க வேண்டாம். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். அதில் அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூன்று பேர் முழுச் சுற்றையும் முடித்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள், 44,000 மைல். 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து பிமல் முகர்ஜி நண்பர்களோடு கிளம்பி 1937ல் திரும்பினார். ஆனால் அவர்கள் கூட்டமாகக் கிளம்பியவர்கள். ராம்நாத் தனி ஆள். காசும் கிடையாது, பின்னால் பணக்காரக் குடும்பமும் கிடையாது.

அந்த ரூட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

இனிமேல்தான் எனக்குச் சுவாரஸ்யமான பகுதி. ரூட் பிளான் என்றால் நமக்கு கூகுள் மேப். இரண்டு புள்ளி வைத்தால் அதுவே நீலக் கோடு போட்டுவிடும். 1931ல் அவர் கண்ணால் அந்த மேப்பைப் பாருங்கள்.

சிங்கப்பூர் ஒரு தீவு. ஆனால் ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடல்பாலம் 1924ல் திறந்தாகிவிட்டது. அதனால் படகு தேவையில்லை, சைக்கிளிலேயே பெருநிலத்துக்குப் போய்விடலாம். மலாயாவில் ரப்பருக்கும் ஈயத்துக்கும் ஆங்கிலேயர் போட்ட நல்ல ரோடு இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் எஸ்டேட்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். அவர் மிதித்த வருஷம் உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாமல் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் இவர் வீட்டை விட்டு எதிர்ப்பக்கம் போகிறார்.

மலாயா முடிந்தால் சயாம், அது சுதந்திர நாடு. அடுத்தது இந்தோசீனா, அது பிரெஞ்சுக்காரர்களுடையது. அடுத்தது சீனா. அவர் கிளம்பி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 1931 செப்டம்பர் 18ல் ஜப்பான் மஞ்சூரியாவில் படையெடுப்பை ஆரம்பித்தது. 1932 ஜனவரியில் ஷாங்காயில் சண்டை. அடுத்தது கொரியா, அது 1910லிருந்தே ஜப்பான் கையில். அதற்குப் பிறகு ஜப்பான். அங்கிருந்து பசிபிக் கடலைத் தாண்டி கனடா.

கவனிச்சீங்களா? நமக்கு ரூட் என்பது தூரம், ஏற்றம், மழை. அவருக்கு ரூட் என்பது யாருடைய சாம்ராஜ்யம் எங்கே முடிகிறது என்பது. அன்றைய பாஸ்போர்ட்டில் அது எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்று தனியாக எழுதியிருப்பார்கள். பேர் இல்லாத நாட்டுக்குப் போக முடியாது. அந்தப் பேரை எழுதுவது யார்? அவர் ஒருகாலத்தில் விரட்ட நினைத்த அதே பிரிட்டிஷ் அரசாங்கம். பழைய புரட்சி இயக்கக்காரர் ஒருவர், பிரிட்டிஷ் பிரஜை என்று போட்ட காகிதத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு செக்போஸ்ட்டையும் தாண்ட வேண்டும்.

காசு விஷயம்? சாப்பாடு, தங்கல் எல்லாம் பெரும்பாலும் வழியில் இருக்கும் மனிதர்களை நம்பித்தான். எங்கேயாவது ஒரு இந்தியக் கடை, ஒரு குருத்வாரா, ஒரு சங்கம் இருக்கும். இல்லாத ஊரில் உள்ளூர்க்காரர் யாராவது கதவைத் திறப்பார்கள். ஒரு எஞ்சினியரிங் ஸ்டூடண்டாகப் பார்த்தால் இது ரொம்ப ரிஸ்க்கான டிசைன். பேக்கப் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. நம் பிளானில் வழியில் சந்திக்கும் மனிதர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அவர் பிளானில் அவர்கள்தான் முக்கியமான பார்ட்.

கனடா அன்றைக்கு இந்தியர்களை வரவேற்ற நாடு இல்லை. சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வரும் கப்பலில்தான் வர வேண்டும் என்று 1908லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கப்பல் இந்தியாவிலிருந்து கிடையாது என்பது தெரிந்தே போட்ட சட்டம் அது. 1914ல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த பஞ்சாபிகளை வான்கூவர் துறைமுகத்திலேயே இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியது இந்தக் கதையின் ஒரு பகுதிதான். கனடா வரை போன ராம்நாத்தின் முதல் சுற்று அங்கே முடிந்தது. 1934ல் ஊர் திரும்பினார். பனியாசங்கின் மைதானத்தில் ஊரே கூடி வரவேற்பு கொடுத்தது.

அடுத்த இரண்டு சுற்று

நம்மாளாக இருந்தால் மாலை போட்டதும் அதோடு வீட்டில் உட்கார்ந்திருப்போம். அவர் அதே 1934ல் மறுபடியும் கிளம்பிவிட்டார். இந்த முறை மேற்கே. ஆப்கானிஸ்தான், பாரசீகம், இராக், சிரியா, லெபனான், துருக்கி. அங்கிருந்து பல்கேரியா, யுகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ், கடைசியில் இங்கிலாந்து.

இந்த லிஸ்டில் இரண்டு இடத்தில் நான் நின்றேன். ஒன்று இராக். சிப்பாயாகத் துப்பாக்கியோடு போன அதே மண்ணுக்கு, பதினைந்து வருஷத்துக்கும் மேலே கழித்து, இரண்டு சக்கரத்தில், யாருடைய உத்தரவும் இல்லாமல் போகிறார். இன்னொன்று ஜெர்மனி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டிருந்த ஜெர்மனி அது. கறுத்த தோலோடு, ஆங்கிலத்தில் போர்டு எழுதிய சைக்கிளோடு ஒருவர் அந்த நாட்டின் நடுவே தனியாகப் போவது எப்படி இருந்திருக்கும்?

பயணத்தில் உடம்பு கெட்டுப்போனது. 1936ல் லண்டனிலிருந்து கப்பலேறி இந்தியா வந்தார். தேறியதும் சாந்திநிகேதன் போய் தாகூரைப் பார்த்தார்.

மூன்றாவது சுற்று 1938ல். பம்பாயிலிருந்து கப்பலில் கென்யாவின் மொம்பாசா. அங்கிருந்து கென்யா, உகாண்டா, நியாசாலாந்து, ரொடீஷியா, தென்னாப்பிரிக்கா. நியாசாலாந்து என்பது இன்றைய மலாவி. மொம்பாசாவிலிருந்து உள்ளே போகும் ரயில் பாதையைப் போட்டதே இந்தியாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்கள்தான். அந்தப் பாதை நெடுக இந்தியக் கடைகள் முளைத்திருந்தன. ஆனால் தெற்கே போகப் போக நிறவெறி அதிகமாகிக்கொண்டே போகும். வெள்ளையருக்கு ஒரு இடம், இந்தியருக்கு ஒரு இடம், ஆப்பிரிக்கருக்கு ஒரு இடம். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதற்குக்கூட எந்தக் கதவைத் தட்டலாம் என்று பார்த்துத்தான் தட்ட வேண்டிய நாடுகள்.

அங்கிருந்து அமெரிக்கா. 1917லும் 1924லும் போட்ட சட்டங்களால் இந்தியர்கள் அங்கே குடியேறவே முடியாது, வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ராம்நாத் அங்கே பெரிய கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. கறுப்பின மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார், அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஊரில் சாதி பார்த்து வளர்ந்த ஒரு சமூகத்திலிருந்து போனவருக்கு, அங்கே நிறம் பார்ப்பது புதிதாக இருந்திருக்காது. 1940ல் இந்தியா திரும்பினார்.

மூன்று சுற்றும் சேர்த்து சைக்கிளில் மட்டும் 53,000 மைல் என்று கணக்கு சொல்வார்கள். சுமார் 85,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர், அதாவது இரண்டு சுற்றுக்கும் மேலே. ரோட்டில் இருந்த காலம் தோராயமாக ஏழு வருஷம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 33 கிலோமீட்டர் வருகிறது. கால்குலேட்டரில் இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.  நம்மில் யார் வேண்டுமானாலும் ஒரு நாள் மிதிக்கலாம். மறுநாளும் மிதிக்க வேண்டும், ஜுரத்தோடும் மிதிக்க வேண்டும், அடுத்த நாட்டில் விடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமலும் மிதிக்க வேண்டும். அங்கேதான் நாம் நின்றுவிடுவோம்.

புத்தகங்களும் கடைசிக் காலமும்

எட்டாம் வகுப்பு படித்தவர் முப்பதுக்கும் மேற்பட்ட பயணப் புத்தகங்கள் எழுதினார். சிவப்புச் சீனா பற்றி, ஆப்கானிஸ்தான் பற்றி, ஆப்பிரிக்கா பற்றி, அன்றைய அமெரிக்கா பற்றி, கொரியாவில் சைக்கிளில் போனது பற்றி. பதிப்பாளர்கள் யாரும் சுலபமாக முன்வரவில்லை. அதனால் சொந்தமாகவே ஒரு பதிப்பகம் ஆரம்பித்தார். ஸ்பான்சர் இல்லை என்று சைக்கிளை நிறுத்தாதவர், பதிப்பாளர் இல்லை என்று பேனாவை நிறுத்துவாரா?

இப்போது அந்த ஊருக்கு வருவோம். 1947ல் நாடு பிரிந்தது. சில்ஹெட்டில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு போனது. பனியாசங்கும் போனது. ராம்நாத் கொஞ்ச காலம் ஊரிலேயே இருந்து பார்த்தார். பிறகு கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். 1952ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே பாஸ்போர்ட், விசா முறை வந்தது.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. இத்தனை நாட்டு எல்லைகளைச் சைக்கிளில் தாண்டினவர். எந்த நாட்டுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. கடைசியில் அவர் பிறந்த ஊர், வரவேற்பு கொடுத்த அந்த மைதானம், வெளிநாடாகிவிட்டது. அவர் ஊரை விட்டு நகர்ந்தது போக, ஊரே அவரை விட்டு நகர்ந்துவிட்டது. 1955 நவம்பர் 1ஆம் தேதி கல்கத்தாவில் இறந்தார். வயது 61. பனியாசங் இன்றைக்கு பங்களாதேஷில் இருக்கிறது.

நெய்வேலியைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்த வலி புதிதில்லை. சுரங்கம் வந்தபோது ஊரையே விட்டு எழுந்துபோன குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் தாத்தாக்கள் பழைய ஊர் இருந்த இடத்தைக் காட்டுவதற்குப் பள்ளத்தைத்தான் கைநீட்டுவார்கள். நாம் ஓட்டிப் பழகிய நேரான ரோடுகளுக்குக் கீழேயும் யாருடைய வயலோ இருந்திருக்கிறது. ராம்நாத் கதையைப் படிக்கும் வரை நான் அப்படி யோசித்ததில்லை.

எங்கள் ஷீட் என்ன ஆச்சு?

டெலீட் பண்ணவில்லை. ராம்நாத்தும் பிளான் இல்லாமல் போனவர் கிடையாது. ரிப்பேர் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனவர் அவர். கேரேஜில் கற்ற வேலையை நம்பித்தான் இறங்கினார். ஆனால் எது கையில் இருக்க வேண்டும், எதை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது தெரியவில்லை, அதனால்தான் 43 வரி.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து அதை 17 வரியாகக் குறைத்தோம். பஞ்சர் ஒட்ட மூன்று பேருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு புது வரி மட்டும் சேர்த்தோம். அதில் ஒருவனுக்கு இன்னும் டயரைக் கழற்றவே வரவில்லை, பேர் சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் அப்ளை பண்ணியாச்சு. ராம்நாத்துக்கு எவ்வளவு பாரமாக இருந்த காகிதம், நமக்கு எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்று அந்த ஃபார்மை நிரப்பும்போது நினைத்துக்கொண்டேன்.

நீங்களும் ஒரு ரூட் போட்டு வைத்திருப்பீர்கள். சைக்கிள்தான் என்று இல்லை, வேறு ஏதாவது. அதில் எத்தனை வரி இருக்கிறது என்று இன்றைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஷீட்டை மூடிவிட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் மூன்று வண்டியிலும் இல்லை!

அடுத்த இதழில் சந்திப்போம்.